புகைக்குழாய் திரும்பிய பக்கம்

பக்கத்து வீட்டு அக்கா அதைச் சொன்னது, புகைக்குழாயைப் பொருத்துவதற்கு முன்பா, பின்பா?

எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று துணி உலர்த்திக்கொண்டே சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. “பொண்ண பிரசவத்துக்குக் கூட்டியாறணும்மா. அந்தச் சின்ன ரூம ஒழிச்சிக் குடுக்கணும். ஒரே தட்டுமுட்டு சாமானா கெடக்குது.” அவர் கையில் பச்சைப் போர்வை இருந்தது. அதை உதறியபோது தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. “பாத்துக்கா” என்று சிரித்தேன். இவ்வளவும் நினைவிருக்கிறது. ஆனால் அன்று எனக்குப் பின்னால் எங்கள் டிரம் அடுப்பு நின்றதா, பழைய மூன்று செங்கற்கள் இருந்தனவா என்பது மட்டும் நினைவில்லை.

முன்பே சொன்னார் என்றால், அந்த அறையில் ஒரு பிள்ளை பிறந்து வளரப்போகிறது என்று தெரிந்தே நான் புகையை அங்கே அனுப்பியிருக்கிறேன். பிறகு சொன்னார் என்றால், தெரிந்த பின்னும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். இரண்டில் எது எனக்குக் குறைந்த வெட்கம் என்று தேடிக்கொண்டிருப்பதே ஒரு வெட்கம்தான்.

நாங்கள் குடியிருப்பது கீழ்வீடு. மாடியில் ஓனர். பின்பக்கம் சந்து போல நீளமாக ஓர் இடம். துவைக்கிற கல், மோட்டார், பாதி தூரத்துக்குத் தகர ஷீட். சந்தின் ஒரு முனையில் என் பெண் தூங்கும் அறையின் ஜன்னல். மறு முனையில் இடுப்புயர மதில். மதிலை அடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவர், அதில் எப்போதும் சாத்தியே கிடந்த ஒரு சின்ன ஜன்னல்.

பாப்பா பிறந்த பிறகு என் மாமியார் எங்களோடு வந்துவிட்டார். பாகூர்ப் பக்கத்துக் கிராமம் அவர்களுடையது. அவருடைய தம்பிக்குச் சவுக்குத்தோப்பு இருப்பதால், தென்னை மட்டையும் சவுக்கு மிளாறும் கட்டுக்கட்டாகக் குட்டியானை வண்டியில் வந்து இறங்கும். காலையில் அவர் கண்விழித்ததும் செய்கிற முதல் வேலை, பின்பக்கம் மூன்று செங்கல்லை வைத்து அண்டாவை ஏற்றுவது. கேஸில் காய்ந்த தண்ணீரை அவர் தண்ணீராகவே மதிப்பதில்லை.

“கேஸு தண்ணி சுடும். ஒடம்புல ஒறைக்காது” என்பார். “கொழந்தைக்கு வெறகுல காஞ்ச தண்ணிதான் நிக்கும்.”

அந்தப் புகை நேராகப் பாப்பாவின் ஜன்னலுக்கு வரும். ஜன்னலைச் சாத்தினாலும் வரும். ஒன்றரை வயதில் அவளுக்கு வீசிங் தொடங்கியது. நெபுலைசர் முகமூடியைப் பார்த்தாலே அலறுவாள்; இரண்டு பேர் பிடித்துக்கொண்டால்தான் வைக்க முடியும். டாக்டர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: சாம்பிராணி கூடாது, கொசுவத்தி கூடாது, ஊதுவத்தி கூடாது, விறகு அடுப்புப் புகை கூடவே கூடாது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அதைச் சொன்னேன். சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுவத்தி வரை சொன்னேன். அடுப்பு வந்தபோது, “அவ்ளோதான் அத்தை” என்றேன்.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டுவது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தூபக்காலைத் தேய்த்துக் கழுவி, பழைய சீலைத்துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டார். “கொழந்தைக்கு ஆவலைன்னா நமக்கு எதுக்கு அது” என்றார். அவ்வளவு சுலபமாக விட்டவர், அடுப்பையும் விட்டிருப்பார். இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஒருவேளை தெரிந்தும் இருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ஒரு நல்ல காரணம் வைத்திருந்தேன். டவுனுக்கு வந்தபின் அவருக்கென்று இருந்தது அந்த அடுப்பு ஒன்றுதான். சமையலறை என்னுடையதாகிவிட்டது. டிவி ரிமோட் அவர் மகன் கையில். அந்த மூன்று செங்கல்லையும் பிடுங்க எனக்கு மனமில்லை. இதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கப் பயந்தேன் என்றுதான் தோன்றுகிறது.

கணவரிடம், “உங்க அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க” என்றேன்.

“நான் சொன்னா, நீ சொல்லிக்குடுத்து சொல்றேன்னு நெனைப்பாங்க.”

“நான் சொன்னா?”

“நீ சொன்னா, நீ சொல்றேன்னு நெனைப்பாங்க” என்று சிரித்துவிட்டு, காலாப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிப்போனார். அவருக்கு அங்கே வேலை.

அந்தச் சமயத்தில்தான் போனில் அந்த வீடியோ வந்தது. ஏதோ குளிர் நாட்டில் ஒருவர் இரும்பு டிரம்மை அறுத்து, கதவு வைத்து, குழாய் பொருத்தி, விறகு அடுப்பு செய்கிறார். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே அடுப்பு எரிகிறது. பக்கத்திலேயே இரண்டு குழந்தைகள் படுத்துத் தூங்குகின்றன. அடுப்பு எப்படிச் செய்தார் என்பதைவிட, அந்தக் குழந்தைகள் இருமுகின்றனவா என்றுதான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இருமவில்லை. மாமியாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்கு அடுப்பும் இருக்கும், பாப்பாவுக்குப் புகையும் இருக்காது. ஒரு பேச்சைத் தவிர்க்க நான் இரண்டு டிரம் இரும்பைத் தேடிப் போனேன்.

தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு பாய்க்குப் பழைய டிரம் வியாபாரம். வீட்டு முன்பக்கமே கடை. வாசல் முழுக்க நீலமும் கறுப்புமாக டிரம்கள் அடுக்கியிருக்கும். பிளாஸ்டிக் டிரம்களை நோணாங்குப்பத்துப் படகுக்காரர்கள் மிதவைக்கு வாங்கிப் போவார்கள். வீராம்பட்டினத்திலிருந்து தண்ணீர் பிடித்துவைக்க வாங்க வருவார்கள். வெல்டிங் மிஷினும் வைத்திருக்கிறார். கேட், கிரில் என்று தெருவில் யாருக்கு எது உடைந்தாலும் அவர்தான்.

“பாய், இந்த டிரம்முல முன்னாடி என்ன இருந்துச்சு?”

“எண்ணெய்.”

“என்ன எண்ணெய்?”

“சமையல் எண்ணெய்தாம்மா. பாமாயிலு.”

“கெமிக்கல் எதுவும் இல்லையே?”

“மோந்து பாரு.”

நிஜமாகவே தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். பழைய பஜ்ஜிக் கடை வாசனை அடித்தது. “இருந்தாலும் பாய்…” என்று இழுத்தேன்.

“மோந்தும் நம்பலைன்னா நக்கிப் பாரு.”

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “ஏங்க, படிச்ச புள்ளகிட்ட பேசுற பேச்சா இது?”

“படிச்ச புள்ளதான் டிரம்முக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு நிக்குது. வந்து பாரு.”

பாப்பாவுக்கு இளைப்பு இருப்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு நெபுலைசர் அலறல் அந்தச் சுவருக்குள் கேட்காமல் போகாது. “கொழந்தைக்காகன்னு கேக்குற. நல்லா செஞ்சிக் குடுத்துடலாம்” என்று பாய் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார்.

டிரம்மை முதலில் தெருமுனைக் காலிமனைக்கு உருட்டிப்போய், உள்ளே மட்டையைப் போட்டுக் கொளுத்தினார். நீலப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி உரிந்தது. அந்த நாற்றம் போகும்வரை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவின் மறுமுனையில் நின்றேன். பிறகு முழங்கால் உயரத்துக்கு அறுத்து, முன்னால் கீல் வைத்துக் கதவு. அடியில் சாம்பல் விழ, கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகளால் ஒரு தட்டி. மேல்மூடியில் அண்டாவின் அடிப்பாகம் உட்காருகிற அளவுக்கு வட்டம். புகைக்குழாயை இரண்டாவது டிரம்மின் தகட்டைச் சுருட்டிச் செய்தார். வட்டத்தைப் பெரிதாக அறுத்துவிட்டதால் அண்டா முதல் தடவை தொபுக்கென்று உள்ளே இறங்கிவிட்டது. “அடுப்பு அண்டாவ முழுங்கிடுச்சு பாய்” என்று என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். பாய் முறைத்துக்கொண்டே ஒரு வளையத்தை வைத்து ஒட்டினார்.

கடைசியில் குழாய். நேராக மேலே விட ஷீட் தடுத்தது. ஷீட்டைத் துளைக்கலாம் என்றால், மாடியிலிருந்து ஓனர் எட்டிப் பார்த்தார். “பாய், பொகை மேல வந்துச்சுன்னா எங்க வேட்டியெல்லாம் கருவாடாயிடும், இப்பவே சொல்லிட்டேன்.” அதனால் குழாய் ஷீட்டுக்கு அடியில் வெளியே வந்து, ஓர் எல்போ வளைவு வைத்து, ஏதாவது ஒரு பக்கம் திரும்பியாக வேண்டும்.

பாய் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். எல்போ கையில் இருந்தது.

“எந்தப் பக்கம்மா திருப்ப?”

பாப்பா என் இடுப்பில் இருந்தாள். கையை நீட்டினேன். “அந்தப் பக்கம் பாய்.”

நான் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டுச் சுவர். அந்தச் சின்ன ஜன்னல்.

“அந்தப் பக்கமா?”

“ஆமா பாய். இந்தப் பக்கம் பாப்பா ரூம்.”

“சரி” என்று சொல்லி ஸ்க்ரூவை முறுக்கினார். இடுக்கில் களிமண்ணை அப்பினார். “உப்புக் காத்து. ரெண்டு மழ தாங்கும். அரிச்சிச்சுன்னா சொல்லு, வேற போட்டுத் தரேன்” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

முதல் நாள் என் மாமியார் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றும் முற்றும் தேடினார். “ஏம்மா, பொகை எங்க போச்சு?”

“வெளிய போயிடுச்சு அத்தை” என்றேன்.

அண்டா சீக்கிரம் காய்ந்தது. விறகும் மிச்சம். ஊரிலிருந்து யார் வந்தாலும் மாமியார் முதலில் பின்பக்கம்தான் கூட்டிப்போவார். “எம் மருமவ போனைப் பாத்தே செஞ்சது. படிச்ச படிப்பு இதுக்காச்சும் ஒதவிச்சு பாரு” என்று அடுப்பின் கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டுவார். பாப்பாவுக்கு இளைப்பு குறைந்தது. நெபுலைசர் அலமாரிக்குள் போனது. குடும்ப வாட்ஸாப்பில் அடுப்பைப் படம் எடுத்துப் போட்டேன்; கைதட்டல்களாக வந்து குவிந்தன. என் அம்மாகூட, “உனக்கு இவ்ளோ சாமர்த்தியம் எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டாள். நானும் என்னைச் சாமர்த்தியசாலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை தொடங்கிய சமயம் பக்கத்து வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. அழுகை எங்கள் சந்துவரை கேட்டது. தீட்டு, பத்தியம் எல்லாம் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து, பழமும் ஒரு செட்டுத் துணியும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன்.

சின்ன அறை. கட்டில் போட்டால் நடக்க ஒரு முழம்தான் மிச்சம். பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடியும் புழுங்கியது. ஜன்னல் கதவு சாத்தி, இடுக்கிலெல்லாம் பழைய துப்பட்டாவைத் திணித்து, அதன்மேல் அட்டையும் வைத்து அடைத்திருந்தார்கள்.

“ஏங்க்கா, காத்தே வரலையே. ஜன்னலத் தொறந்து வைக்கலாமே” என்றேன். சொன்னது நான்தான்.

“கொசும்மா” என்றார் அக்கா சட்டென்று. “சாயங்காலம் ஆனா அப்பிக்குது.”

“கொசுவலை ஒட்டிடலாமேக்கா, இப்ப வெல்க்ரோவிலகூட வருது” என்று எட்டித் துப்பட்டாவின் ஓரத்தைத் தொட்டேன். விரலில் கரி ஒட்டியது. ஜன்னலுக்குக் கீழே சுண்ணாம்புச் சுவர் ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் நிறமாகியிருந்தது.

கையை இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டேன். கட்டிலில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

“அக்கா, நீங்க காலையில எத்தினி மணிக்கு அடுப்பு பத்தவைப்பீங்க?” என்று என்னைக் கேட்டாள்.

“ஏன்மா?”

“இல்ல, ஒரு நாளு சீக்கிரம் வருது, ஒரு நாளு லேட்டா வருது. நேரம் தெரிஞ்சா, அதுக்கு முன்னாடியே இவன எடுத்துக்கிட்டு முன் ரூமுக்குப் போயிடுவேன். அசந்து தூங்கறப்ப திடீர்னு தூக்கினா கத்தித் தீக்கிறான்.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டாள். முன் அறை என்பது கடையை ஒட்டியது. டிரம் வாங்க வருகிறவர்கள், கணக்குப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். பச்சை உடம்போடு, பாலுக்கு அழும் பிள்ளையோடு, அந்தப் பெண் தினமும் காலையில் அங்கே போய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏய், வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டே?” என்று அக்கா அவளை அதட்டினார். பிறகு என்னிடம், “தூக்கமில்லாம ஒளறுது. நீ காதுல வாங்காத. டீ ஆறுது பாரு, குடி” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண்ணைப் பார்த்து, “ஆறரைக்கெல்லாம் பத்தவச்சிடுவாங்கம்மா” என்று பதில் சொன்னேன். பிறகு டீயைக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ. நல்லா இருக்குக்கா என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் என் வாய் என்ன பேசியது என்று எனக்கே கேட்டது.

மறுநாள் விடிந்ததும் மாமியாரை முந்திக்கொண்டு பின்பக்கம் போய், “அத்தை, இன்னிக்கு அடுப்பு வேணாம். குழாய் ஓட்டையாயிடுச்சு” என்றேன். நான் யோசித்து வைத்திருந்த பொய் அவ்வளவுதான். அதற்கு அடுத்த படியை யோசிக்கவில்லை.

அவர் மதிலருகே போய்க் குரல் கொடுத்தார். “பாய்! ஒங்க கொழாய் ஓட்டையாம். மருமவ சொல்லுது.”

கடையில் ஆளை உட்காரவைத்துவிட்டு பாய் வந்தார். குழாயைத் தட்டினார், தடவினார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“எங்கம்மா ஓட்ட?”

“இங்கதான் பாய் எங்கயோ… கறுப்பா…”

“அது கரிம்மா. பொகைக்கொழாயில கரி இல்லாம சந்தனமா இருக்கும்?”

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் விறகெடுக்கத் திரும்பியதும் பாய் குரலைத் தாழ்த்தினார்.

“எம் பொண்ணு ஏதாச்சும் சொல்லிச்சா?”

“ஐயோ, இல்ல பாய்.”

“சொன்னாலும் நீ காதுல போட்டுக்காத. எங்க ரூம்னு எனக்குத் தெரியாமலா திருப்புனேன்? ஒம் புள்ளைக்கு இளைப்பு. எம் பொண்ணு நாப்பது நாளு முடிஞ்சா மாமியா வூட்டுக்குப் போவப் போவுது. அதுவரைக்கும் முன்னாடி ஒக்காந்துட்டுப் போவட்டும்.”

சொல்லிவிட்டு அவரே குனிந்து, ஒரு மட்டையை ஒடித்து உள்ளே வைத்து, அடுப்பைப் பற்றவைத்தார். புகை எல்போ வழியாக வளைந்து அவர் வீட்டு ஜன்னலைத் தடவிக்கொண்டு போனது. சுவருக்குள் பிள்ளை சிணுங்கியது. யாரோ அவசரமாக நடக்கும் சத்தம் கேட்டது. பாய் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

“பாத்தியா, ஒரு துளி இந்தப் பக்கம் வரல.”

அப்போது சொல்லியிருக்கலாம். எல்போவைக் கழற்றிவிடுங்கள் பாய், அடுப்பே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். “தாங்க்ஸ் பாய்” என்றேன்.

அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழியைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. மாமியாருக்கு மழைக்காலத்தில் முட்டிவலி. “நீங்க தூங்குங்க அத்தை, இனிமே அடுப்ப நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முன்பே எழுந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேஸில் இரண்டு குண்டானில் தண்ணீர் காய்ச்சி, அதை அண்டாவில் கொண்டுபோய் ஊற்றுவேன். நம்பும்படியாக அடுப்பு வாயில் பழைய கரித்துண்டுகளைத் தள்ளி வைப்பேன். முந்தாநாள் சாம்பல்தான் தினமும் இன்றைய சாம்பல்.

மாமியார் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வருவார். “என்னா இருந்தாலும் வெறகுத் தண்ணி வெறகுத் தண்ணிதான். முட்டிவலி போன எடம் தெரியல.” மகனிடம், “தூங்குற கொழந்தைய வுட்டுட்டு எனக்காவ எழுந்து அடுப்புல குந்துதுடா” என்று கண்கலங்கிச் சொல்லியிருக்கிறார். என் கணவர், “சிலிண்டர் ஏன் இதுக்குள்ள தீந்துடுச்சு?” என்று என்னைத்தான் பார்த்தார். பாப்பாவுக்கு அடுத்த வாய்ச் சோற்றை ஊட்டினேன்.

ஒரு வாரம்கூட அது ஓடவில்லை. அக்கா மதிலில் கை வைத்துக் கூப்பிட்டார்.

“ஏம்மா, பொகையே காணோம்? அடுப்பு பத்தவைக்கறதில்லையா?”

“வெறகு ஈரம்க்கா. மழையில நனைஞ்சிடுச்சு.”

“அதானா!” அவர் முகம் அப்படித் தெளிந்தது. “எம் பொண்ணு ஒளறுனதுல நீ கோச்சிக்கிட்டியோன்னு நான் பயந்தே போயிட்டேன்மா. அத்தாகிட்ட அதுக்கு நல்லா ஏச்சு வாங்கிக் குடுத்தேன். புள்ளய பாக்க வந்தவங்ககிட்ட இப்படியா பேசறதுன்னு.”

அந்தப் பெண் என்ன பேசினாள்? நேரம் கேட்டாள். அதற்கு அவள் அப்பாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள்.

சாயங்காலம் மதில் வழியாகக் கட்டை வந்து இறங்கியது. கடைக்குச் சாமான் வந்த மரப்பெட்டிகளை உடைத்து, ஆணி பிடுங்கி, அளவாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். “நல்லா காஞ்ச கட்ட. பொகையே வராது பாரு” என்று அக்கா ஒவ்வொரு கட்டாக எடுத்துக்கொடுக்க, என் மாமியார் வாங்கி வாங்கி அடுக்கினார். “இம்மாங் கட்டையா! பாய் வூட்டு ஜனங்க மாதிரி வருமா?” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “நாளைக்கு நானே பத்தவைக்கறேம்மா. முட்டி நல்லா ஆயிடுச்சு. நீ பாவம், தூங்கு.”

அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அந்தக் கட்டைகள்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். இதை எழுதும்போது விரல் தயங்குகிறது. ஆணி பிடுங்கி வெட்டித் தந்த கட்டைகள் அவை. ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது, ஈரக்கட்டை எரிந்தால் இன்னும் அதிகமாகப் புகையும் என்று.

“மழ பேஞ்ச மாதிரி தெரியலையே” என்று வானத்தைப் பார்த்தார் மாமியார். பிறகு குனிந்து, ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் துடைத்து, துவைக்கிற கல்மேல் பரப்பிவைத்தார். இன்று நல்ல வெயில். மத்தியானம் போய் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் காய்ந்துவிட்டது. அவரும் அவ்வப்போது வந்து திருப்பிப் போடுகிறார். சீக்கிரமே காய்ந்துவிடும்.

நாற்பது முடிந்து அந்தப் பெண் போய்விடுவாள், அதுவரை எப்படியாவது தள்ளிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வருகிறது. அது வரும்போதெல்லாம் அந்தத் தூளியில் என் பெண்ணை வைத்துப் பார்க்கிறேன். பிறகு எழுந்துபோய் மாமியார் பக்கத்தில் உட்காருகிறேன். “என்னாம்மா?” என்று கேட்கிறார். “ஒண்ணுமில்ல அத்தை” என்று திரும்பி வருகிறேன்.

மாமியாரிடம் உண்மையைச் சொன்னால், தூபக்காலைப் போல அடுப்பையும் அன்றே ஓரங்கட்டிவிடுவார். அதில் சந்தேகமில்லை. ஆனால் முட்டிவலி போன தண்ணீர் எந்தத் தண்ணீர் என்றும் சொல்ல வேண்டிவரும். அதோடு, நேராக மதிலுக்குப் போய் எனக்காக அவரே மன்னிப்புக் கேட்பார். அதை என்னால் நின்று பார்க்க முடியுமா தெரியவில்லை. அக்காவிடம் முதலில் போனால், அவர் சொன்ன கொசு பொய் என்று நான் சொல்வதாகிவிடும். எனக்காகச் சொன்ன பொய் அது. பாயிடம் போனால், தெரிந்தே தந்ததை நான் திருப்பி எறிவதாக நினைப்பாரோ? அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றால், அவள் இனி எனக்கு முன்னால் வாய் திறப்பாளா?

பொதுச் சுவரோடு வாழ்ந்தவர்கள், மாமியாரோடும் பக்கத்து வீட்டோடும் நல்ல பேர் எடுத்தே பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். யாரிடம் முதலில் போக வேண்டும், போனதும் என்ன சொல்லித் தொடங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லுங்கள். மற்றதை நான் எப்படியாவது பேசிக்கொள்கிறேன். முதல் வாக்கியம்தான் எனக்கு வரவில்லை. கட்டை காய்வதற்குள் யாராவது சொன்னால் நல்லது.